சண்டாளருக்குக் கிடைத்த பதவி

காவிய நாடகங்களை மக்களிடம் கொண்டு போகிறோம் என்று நாடகக்காரர்கள் சொல்லும்போது நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. எந்த மக்கள்? அந்த நாடகத்துக்குள் அவர்களை ஏற்கெனவே எங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்?

சூத்ரகனின் மிருச்சகடிகத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ் படித்தவர்களுக்கு இது பண்டிதமணி கதிரேசச் செட்டியார் பெயர்த்த ‘மண்ணியற் சிறுதேர்’. சாருதத்தன் பார்ப்பனன், அவனுக்குச் சமஸ்கிருதம். வசந்தசேனை கணிகை, அவளுக்குப் பெரும்பாலும் பிராகிருதம். சாருதத்தனைக் கொலைக்களத்துக்கு இழுத்துப் போகும் சண்டாளர் இருவருக்கு அதற்கும் கீழே தள்ளிய ஒரு பேச்சு. உரைக்காரர்கள் அதற்கு வைத்த பேரே சாண்டாளி. வாயைத் திறந்தால் போதும், சாதி தெரிந்துவிடும். சேரிப் பேச்சு என்று நம்மை ஏளனம் செய்கிறவர்களுக்கு இந்த மேடை ரொம்பப் பழைய முன்னோடி.

1958இல் ஹபீப் தன்வீர் இந்த நாடகத்தை ‘மிட்டி கி காடி’ என்று தில்லியில் போட்டார். சத்தீஸ்கரிலிருந்து ஆறு நாச்சா கலைஞர்களைக் கூட்டி வந்தார். நாச்சா என்பது கிராமத்து சனம் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற கூத்து. லண்டனில் நாடகம் படித்து வந்த தன்வீர், அவர்களை இந்தி பேச வைத்து, இங்கே நில், அங்கே திரும்பு என்று பழக்கிப் பார்த்தார். ஊரையே கட்டிப்போட்ட ஆட்களுக்குக் கை கால் வரவில்லை. குறை ஆட்களிடம் இல்லை, தன் முறையில்தான் என்று புரிய அவருக்குப் பல வருசம் ஆனது. அவரே இதைச் சொல்லியிருக்கிறார். 1970களில் அவர்களைச் சத்தீஸ்கரியிலேயே பேச விட்டார். பிற்பாடு மிருச்சகடிகமும் அந்தப் பேச்சில் மேடையேறியது.

பார்ப்பனனும் கணிகையும் சண்டாளனும் ஒரே பேச்சைப் பேசுகிறார்கள் என்றால், சாத்திரம் போட்டு வைத்த மொழி வரிசை அங்கே சரிகிறது. இதைச் செய்தது நாச்சாக்காரர்களின் நாக்கு. ஆனால் காவியத்துக்கு உயிர் கொடுத்தவர் என்ற பேர் இயக்குநருக்கே போகிறது. மக்களிடம் காவியம் போகவில்லை சாமி, மக்கள்தான் அதைத் தூக்கி நிறுத்தினார்கள்.

மொழி சரிந்தால் மட்டும் போதுமா? கதையைப் பார்ப்போம். ஆறாம் அங்கத்தில் வீரகனும் சந்தனகனும் காவல் அதிகாரிகள். சண்டை முற்றியதும் சாதியைச் சொல்லிக் குத்திக்கொள்கிறார்கள். வீரகன் நாவிதன், சந்தனகன் தோல் வேலைச் சாதி. உன் ஆத்தாள் ஒரு மேளம், உன் அப்பன் ஒரு மேளம் என்கிற மாதிரி வீரகன் கேலி பேசுகிறான். சபை சிரிக்கத்தான் இது எழுதப்பட்டது. பறையைச் சொல்லியே வசவு வாங்கிய நமக்கு இந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

பத்தாம் அங்கத்தில் ஒரு சண்டாளன், நாங்கள் அந்தக் குடியில் பிறந்தாலும் சண்டாளர் அல்ல, நல்லவனை வதைப்பவனே சண்டாளன் என்று பொருள்படப் பேசுகிறான். நல்ல பேச்சுதான். ஆனாலும் சாதிப் பேர் வசவாகவே நிற்கிறது, வாங்குகிற ஆள் மட்டும் மாறுகிறான். பிறகு ஆட்சி கவிழ்ந்து இடையர் குலத்து ஆரியகன் ராசாவாகிறான். அடிமை ஸ்தாவரகனுக்கு விடுதலை. வசந்தசேனைக்கு மனைவி என்ற தகுதி. சண்டாளர் இருவருக்கும்? எல்லாச் சண்டாளருக்கும் தலைவர்கள் என்ற பதவி! சேரிக்குள் நாட்டாமை கொடுத்தாயிற்று, சேரி அப்படியே இருக்கிறது.

தன்வீரின் நயா தியேட்டர் நாச்சாக்காரர்களின் சொந்தச் சரக்கான ‘போங்கா பண்டித்’தையும் ஆடியது. துப்புரவு செய்யும் பெண்ணை வைத்துத் தீட்டையும் பண்டிதனையும் நையாண்டி செய்யும் நாடகம் அது. 2003இல் மத்தியப் பிரதேசத்தில் சங்கப் பரிவார ஆட்கள் அதற்கு ரகளை செய்தார்கள். காவியம் ஆடியபோது கைதட்டல், தங்கள் கதையை ஆடியபோது கலவரம்.

மிருச்சகடிகத்தை ஊருக்குள் ஆடுகிறவர்கள் தாராளமாக ஆடட்டும். பதவி அறிவிக்கிற இடத்தில் மட்டும் அவசரமாக மங்களம் பாடித் திரையை இழுக்க வேண்டாம். வெட்ட ஓங்கியபோது அந்தச் சண்டாளன் கையிலிருந்து வாள் நழுவி விழுகிறது. புதுப் பதவியோடு அதை அவன் திரும்ப எடுக்கத்தான் வேண்டுமா என்று முன்னால் உட்கார்ந்திருக்கும் சேரி சனத்தைக் கேட்டுவிட்டு ஆடட்டும்.