கார்ல் ஸ்டூம்பின் பெயர்ப்பட்டியல்: சில குறிப்புகள்

எங்கள் டீமில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கசகஸ்தானில் பிறந்தவர். அவருடைய தாத்தா பிறந்தது காக்கசஸ் மலைப்பக்கம், ஹெலனென்டோர்ஃப் என்ற கிராமத்தில். இன்றைக்கு அது அஜர்பைஜானில் இருக்கிறது, பெயர் கோய்கோல். தாத்தாவுக்கு முந்தையவர்கள் வூர்ட்டம்பெர்க்கிலிருந்து படகில் போனவர்கள். "நீதான் பழைய ஆவணம், பட்டியல்னு அலையற ஆளாச்சே, இதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திக் கொடு" என்று கேட்டார். கூடவே கார்ல் ஸ்டூம்பின் புத்தகத்தையும் சொன்னார். 1763 முதல் 1862 வரை ஜெர்மனியிலிருந்து ரஷ்யாவுக்குப் போனவர்களைப் பற்றியது. ஆயிரம் பக்கத்துக்கு மேல், பெரும்பாலும் பெயர்கள். 1970களில் வெளிவந்தது. இந்தத் துறையில் தேடத் தொடங்கும் யாரும் முதலில் வந்து நிற்கிற இடம் இதுதான்.

இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டியதில் தோன்றியவை இவை.

முதலில் கதைச் சுருக்கம். 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. மறுவருஷம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. வூர்ட்டம்பெர்க்கில் விளைச்சல் போய் பஞ்சம் வந்தது. ஏற்கனவே அங்கே, உலக முடிவு நெருங்கிவிட்டது, கிழக்கே போனால்தான் தப்பலாம் என்று நம்பிய பக்திக் குழுக்கள் இருந்தன. ஜார் முதலாம் அலெக்சாண்டர் நிலம் தரத் தயாராக இருந்தார். பசியும் நம்பிக்கையும் சேர்ந்து 1817இல் ஆயிரக்கணக்கானவர்களை உல்ம் நகரத்துப் படித்துறைக்குக் கொண்டுவந்தன.

அங்கே கிடைத்த படகுகளுக்குக் கேலிப்பெயர் 'உல்ம் பெட்டி'. அடி தட்டையான மரப்படகு, நடுவில் ஒரு பலகைக் குடில். ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் கட்டியது. போய்ச் சேர்ந்ததும் பிரித்து மரமாக விற்றுவிடுவார்கள். வியன்னா, புடா, பெல்கிரேடு தாண்டி டான்யூப் கழிமுகத்தில் இஸ்மாயில் வரை போனார்கள். ரஷ்ய எல்லையான அங்கே தொற்றுத்தடை முகாமில் நிறுத்தினார்கள். காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே செத்தார்கள். பிழைத்தவர்கள் ஒடெஸா பக்கத்து ஜெர்மன் கிராமங்களில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். சிலர் அங்கேயே தங்கி ஹொஃப்னுங்ஸ்டால் என்ற ஊரை உருவாக்கினார்கள். மற்றவர்கள் தரைவழியாகக் காக்கசஸ் போனார்கள். ஹெலனென்டோர்ஃப் 1819இல் உருவானது.

இனி பட்டியலுக்கு வருவோம். ஸ்டூம்பின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் தேவாலயப் பதிவேடு, அரசுக் கோப்பு, குடியிருப்புக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவந்திருக்கிறார். 1941இல் சோவியத் அரசு காக்கசஸ் ஜெர்மானியர்களை மொத்தமாக நாடு கடத்தியபோது வீடும் கல்லறையும் போயிற்று. அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். நண்பரின் அப்பா இதை பைபிளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாராம்.

ஆனா டேட்டாவாகப் பார்த்தால் சிக்கல். ஒரு பெயர், கிளம்பிய ஊர், அந்த ஊர் சேர்ந்த வட்டம், போய்ச் சேர்ந்த குடியிருப்பு. பல பதிவுகளில் இந்தத் தகவல் எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்று தெரியாது. மையர் என்ற பெயரை நாலு விதமாக எழுதுவார்கள். வைலர் என்ற பெயரில் வூர்ட்டம்பெர்க்கில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர். எது என்று தீர்மானித்தது ஆவணமா, தொகுத்தவரின் ஊகமா? புத்தகத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று. கிளம்பியவர் பட்டியலையும் சேர்ந்தவர் பட்டியலையும் பொருத்தினேன். எங்கள் பாஷையில் இன்னர் ஜாயின். இரண்டிலும் இருப்பவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். இடது பக்கம் இருந்து வலது பக்கம் இல்லாதவர் என்ன ஆனார்? இஸ்மாயிலில் செத்திருக்கலாம், வழியில் இறங்கியிருக்கலாம், திரும்பியிருக்கலாம். புருஷனை இழந்து மறுமணம் செய்த பெண் வேறொரு குடும்பப் பெயருக்குள் மறைந்திருக்கலாம். வம்சாவளி தேடுபவர்கள் இயல்பாகவே பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள். ஆகவே யாரும் அந்த விடுபட்ட வரிகளைத் தேடுவதில்லை. பயணத்தின் மிக மோசமான பகுதி அந்த வரிகளில்தான் இருக்கிறது.

இதுவரை தொழில்நுட்பக் குறை. அடுத்தது அப்படி இல்லை.

ஸ்டூம்ப் 1896இல் ஒடெஸா பக்கத்தில் பிறந்தவர். 1941 முதல் 1943 வரை, நாஜிகள் பிடித்து வைத்திருந்த உக்ரைனில், தன் பெயரிலேயே இயங்கிய 'சோண்டர்கமாண்டோ டாக்டர் ஸ்டூம்ப்' என்ற குழுவுக்குத் தலைவர். வேலை, ஜெர்மன் கிராமங்களைக் கணக்கெடுப்பது. யார் ஜெர்மானியர், யார் கலப்புமணம் செய்தவர், யாரை சோவியத் அரசு நாடு கடத்தியது என்றெல்லாம் கிராம அறிக்கைகள். அதே மண்ணில் அதே மாதங்களில் யூதர்களைச் சுட்டுக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே 'நீ எந்த இனம்' என்பது வெறும் வரலாற்றுக் கேள்வி இல்லை.

1816-1823 சுவாபியக் குடிபெயர்வைப் பற்றி 1928இல் ஆதார நூல் எழுதியவர் கேயோர்க் லைப்ப்ரான்ட். அவரும் ஒடெஸா பக்கத்து ஜெர்மானியர். ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு 5 வருஷம் முன் வந்த ஆராய்ச்சி அது. அதன் மேல் பிற்காலத்தை ஏற்றிச் சொல்வது நியாயமில்லை. ஆனால் அதே மனிதர் பின்னால் கிழக்குப் பகுதி அமைச்சகத்தின் அரசியல் துறைத் தலைவர் ஆனார். 1942 ஜனவரி 20 வான்சே கூட்டத்தில், யூத அழிப்பை அரசுத் துறைகள் ஒருங்கிணைத்த மேசையில், உட்கார்ந்திருந்தார். இருவரின் போர்க்கால வேலையைப் பற்றி எரிக் ஷ்மால்ட்ஸ், சாமுவேல் சின்னர் இருவரும் 2000ஆம் ஆண்டில் விரிவாக எழுதிவிட்டார்கள். ஒன்றும் ரகசியமில்லை. நண்பரின் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

"பெயர் பெயர்தானே, தொகுத்தவன் கெட்டவன் என்பதால் என் தாத்தா பெயர் பொய்யாகுமா?" என்று கேட்கலாம். ஆகாது. 1817இல் படகேறியவர் படகேறியவர்தான். ஆனால் எதை எண்ணுவது, எதை விடுவது என்பதைத் தொகுப்பவர் தீர்மானிக்கிறார். இந்தப் பட்டியலை மட்டும் படித்தால் அந்தப் புல்வெளியில் ஜெர்மானியர் தவிர ஆளே இல்லை என்று தோன்றும். உக்ரைனியர், மால்டாவியர், பல்கேரியர், யூதர் எல்லாம் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்கள். குடிபெயர்ந்தோர் பட்டியலில் அண்டைவீட்டுக்காரர் இடம்பெற மாட்டார் என்பது சரிதான். அந்தப் பட்டியலையே வரலாறு என்று நினைத்துக்கொள்வதுதான் தப்பு.

கடைசியில் நான் செய்தது சின்ன வேலை. நண்பருக்குக் கொடுத்த அட்டவணையில் இரண்டு பத்திகள் சேர்த்தேன்: மூல ஆவணம் எது, அதை யார் எப்போது எதற்காகத் தொகுத்தார். முதல் பத்தியில் பாதிக்கு மேல் காலி. இடது பக்கம் மட்டும் இருந்த பெயர்களை நீக்காமல் தனித் தாளில் வைத்தேன்.

நண்பர் ரெண்டு நாள் எதுவும் பேசவில்லை. அப்புறம் லுட்விக்ஸ்பர்க் அரசு ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போகப் போவதாகச் சொன்னார். முதலில் அந்தத் தனித் தாளில் உள்ள பெயர்களைத்தான் தேடப்போகிறாராம்.