யார் சுவரில் யார் வண்ணம்?

ஆரணியில் வண்ணம் என்றால் எங்களுக்குச் சாயம். பட்டுநூலுக்குச் சாயம் போடும் பட்டறைக்கு என் அம்மா பல வருடம் கூலிக்குப் போனாள். சேலை முகூர்த்தத்துக்குப் போய்விடும். சாயம் அம்மாவின் நகக்கண்ணில் தங்கிவிடும். சோறு பிசையும் கையில் அரக்கும் பச்சையும் பார்த்து வளர்ந்தவன் நான். வண்ணம் வாழ்க்கையை மாற்றும் என்று யாராவது சொன்னால், யாருடைய வாழ்க்கையை என்று கேட்கத் தோன்றுகிறது.

சென்னை கண்ணகி நகர் ஓவியங்களையும் அப்படித்தான் பார்த்தேன். கூவக்கரை முதலான இடங்களில் குடிசைகளைப் பெயர்த்து, 2000 முதல் ஜனங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. அவர்களில் கணிசமானோர் தலித்துகள். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பிழைப்பு நகரத்துக்குள்ளே, படுக்கை நகரத்துக்கு வெளியே. 2020இல் ஸ்டார்ட் இந்தியா பவுண்டேஷனும் ஏசியன் பெயின்ட்ஸும் மாநகராட்சியோடு சேர்ந்து அந்தக் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்களை வரையச் செய்தன. 'கண்ணகி ஆர்ட் டிஸ்ட்ரிக்ட்' என்று பெயர். அந்த இடத்தின் மீதிருக்கும் கெட்ட பெயரைக் கலை மாற்றும் என்றார்கள்.

ஓவியங்கள் மோசமில்லை. நம் நிறத்து முகம் மாடி உயரத்துக்குச் சிரிப்பது சின்ன விசயமல்ல. அதை மறுத்தால் என் விமர்சனம் பொய்யாகிவிடும். ஆனால், அங்கே குடியிருக்கும் என் சின்னம்மா சொன்னாள்: "செவுரு நல்லாத்தாம்ப்பா இருக்குது. வேல கேக்கப் போற எடத்துல மட்டும் கண்ணகி நகர்னு சொல்றதில்ல. தொரப்பாக்கம்னுதான் சொல்றேன்."

இதுதான் விசயம். கெட்ட பெயர் வைத்தது சுவர் இல்லை. விலாசத்தைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவன் வைத்தது. அவன் கண்ணில் இருக்கும் நோய்க்கு எங்கள் சுவரில் மருந்து பூசுகிறார்கள். 2021இல் குடிசை மாற்று வாரியமும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. பெயர் மாறுகிறது, நிறம் மாறுகிறது. வேலைக்குப் போய்வரும் தூரம் மட்டும் குறையவில்லை.

2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருத்தி ஆடினாள். இடத்தின் பெயர் அவள் பெயருக்கு முன்னால் நின்றது. அன்றைக்குச் சின்னம்மா போன் போட்டு, "எங்க கண்ணகி நகர்ப் பொண்ணுப்பா" என்றாள். துரைப்பாக்கம் என்று சொல்லவில்லை.

எங்கள் சேரி முகப்பிலும் ஒரு ஓவியம் இருக்கிறது. நீலக் கோட்டு அம்பேத்கர். போர்டு எழுதும் அண்ணன் ஒருவர் வரைந்தது. வீட்டுக்கு வீடு வசூல் பண்ணிப் பெயிண்ட் வாங்கினோம். மூக்கு கொஞ்சம் கோணல். ஆனால் எந்தச் சுவர், யார் முகம், எந்தத் திசையைப் பார்த்து என்பதையெல்லாம் இரண்டு ராத்திரி கூடி உட்கார்ந்து, சண்டை போட்டு, நாங்களே முடிவு செய்தோம். ஊர்த்தெருவைப் பார்த்து வரைந்தோம்.

சமூகக் கலை என்று சொல்கிறவர்கள் தூரிகையை எடுத்து வருவதற்கு முன்னால் அந்தக் கூட்டத்தில் வந்து உட்காரட்டும். தரையில்தான் உட்கார வேண்டியிருக்கும்.