நடுவில் தேயும் பல்

எங்கள் வீட்டு மாருதி 800-க்கு 1997-இல் பதிவு எண் கிடைத்தது. ஆர்.சி. புத்தகத்தில் நிறம் வெள்ளை என்று இருக்கிறது. இன்றைக்குப் பார்க்கிறவர்கள் நம்புவதில்லை. கொஞ்ச காலமாக அதை ஓட்டுவது காது மந்தமான பெரியவரோடு பேசுவதுபோல் ஆகியிருந்தது. ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலம் திருப்பினாலும் காதில் விழாதமாதிரி நேராகப் போகும். பிறகு சட்டென்று புரிந்துகொண்டு, கேட்டதற்கு மேல் திரும்பும்.

இரண்டு தடவை வீல் அலைன்மென்ட் பார்த்தேன். காசு போனதுதான் மிச்சம். அந்தக் கருவி சக்கரங்களின் கோணத்தை அளக்கும். மூட்டுகள் ஆடாமல் நிற்கின்றன என்று நம்பித்தான் அது அளக்கிறது. ஆடுகிற மூட்டின் கோணம் காலையில் ஒன்று, மேடு பள்ளம் ஏறி இறங்கியபின் வேறொன்று.

அப்போதுதான் திண்டுக்கல்லில் பழநி ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாயிடம் போனேன். ஓட்டிப் பார்ப்பார் என்று சாவியை நீட்டினேன், வாங்கவில்லை. உதவியாளரை உள்ளே உட்காரச் சொன்னார். இன்ஜின் ஓடவில்லை, நான்கு சக்கரமும் தரையில். "ஆட்டுப்பா. கொஞ்சமா. தயிர் கடையற மாதிரி" என்று சொல்லிவிட்டு, ஒரு பழைய பிளக்ஸ் பேனரை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

எங்கள் வண்டியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. கை கொடுக்கிற திருப்பம் ஸ்டியரிங் தண்டு, அதன் அடியில் உள்ள கப்ளிங், பினியன், ரேக் என்னும் பல் தண்டு, இரண்டு பக்கமும் டை ராடு, அதன் முனைப் பந்தான டை ராடு எண்டு என்று கைமாறிக் கைமாறித்தான் சக்கரத்துக்குப் போகிறது. கைமாறும் இடத்திலெல்லாம் கொஞ்சம் கமிஷன் எடுத்துக்கொள்கிறார்கள். தனித்தனியே பார்த்தால் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர். எல்லாம் சேர்ந்து நம் கையில் இரண்டு விரல் அகலமாக வந்து நிற்கிறது. எதை மாற்றுவது என்று தெரியாதவர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு பில் போடுவார். ஒவ்வொருவரும் எவ்வளவு எடுத்தார்கள் என்று கணக்குக் கேட்பதுதான் வித்தை.

பாய் கேட்ட விதத்தை நானும் குனிந்து பார்த்தேன். ஒரு மூட்டின் இரண்டு பாகத்துக்கும் குறுக்கே ஒற்றை விரலைப் படுக்கவைக்கிறார். மேலே ஸ்டியரிங் வளையம் ஆடுகிறது. இரண்டு பாகமும் சேர்ந்தே அசைந்தால் விரல் அடுத்த மூட்டுக்குப் போய்விடும். ஒன்று கிளம்பி, மற்றது மயிரிழை பிந்திக் கிளம்பினால் விரல் அங்கேயே நிற்கும். கண்ணை மூடியிருந்தார். வலது பக்க டை ராடு எண்டில் விரல் வெகுநேரம் நின்றது. கப்ளிங்கில் கொஞ்ச நேரம். இடது எண்டில் இன்னும் கொஞ்சம்.

பிறகு ஜாக்கி. டயரின் தலையையும் அடியையும் பிடித்து ஆட்டினார். லேசாக ஒரு அசைவு. என்னிடம் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். அசைவு நின்றுபோனது. "பேரிங்தான், பால் ஜாயின்ட் இல்ல" என்றார். பிரேக் பிடித்தால் டிஸ்க்கும் அதைத் தாங்கும் நக்கிளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். பால் ஜாயின்டின் ஆட்டம் அப்படி மறையாது. இந்த ஒரு மிதியில், பால் ஜாயின்ட் இருக்கும் லோயர் ஆர்மின் விலை எனக்கு மிச்சமானது.

டை ராடு எண்டைக் கழற்றியதைத்தான் இன்னொரு முறை பார்க்க ஆசை. அதன் தண்டு கூம்பு வடிவம்; ஆண்டுக்கணக்கில் ஓட்டையில் இறுகிக் கிடக்கும். தெரியாதவர்கள் மரையின் தலையில் அடித்து நசுக்கிவிடுவார்கள். பாய் நட்டைச் சில சுற்று தளர்த்தி அப்படியே விட்டார். தண்டைப் பிடித்திருக்கும் கையின் கண்ணுக்கு இந்தப் பக்கம் ஒரு சுத்தியல், அந்தப் பக்கம் ஒரு சுத்தியல், இரண்டும் ஒரே கணத்தில். மூன்றாவது அடியில் 'டொப்' என்று விட்டுக்கொடுத்தது. பழைய எண்டைச் சுற்றி எடுக்கும்போது உதவியாளர் சத்தமாக எண்ணினார்: பதினாறரை. புதியதையும் பதினாறரையோடு நிறுத்தினால் அலைன்மென்ட் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடும்.

எண்டுகள் கழன்று ரேக் தனியாக நிற்கும்போது பாய் என்னைக் கூப்பிட்டு ஸ்டியரிங்கில் கைவைக்கச் சொன்னார். "மெதுவா கடைசி வரைக்கும் திருப்புங்க சார்." நடுவில் பிடிப்பில்லாமல் இருந்தது, இரண்டு ஓரத்திலும் கெட்டியாக இருந்தது. நாம் பெரும்பாலும் நேராகத்தானே போகிறோம்? அதனால் ரேக்கின் நடுப் பற்கள்தான் உழைத்துத் தேய்கின்றன. ஓரத்துப் பற்கள் யு டர்னுக்கும் வண்டி நிறுத்துவதற்கும் மட்டும் வேலைக்கு வந்து, புதிதுபோலவே இருக்கின்றன. இருபத்தைந்து வருடம் எங்கள் குடும்பம் நேராகப் போனதெல்லாம் அந்த நடுவில் தேய்ந்து கிடக்கிறது.

ரேக்குக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்து அழுத்துகிற ஒரு திருகு உண்டு. அவசரக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். ஸ்டியரிங் லூஸ் என்றால் அதை முடுக்கு, காசை வாங்கு. நடுவில் கச்சிதமாகிவிடும், வாடிக்கையாளரும் மகிழ்ந்து போவார். முதல் பெரிய வளைவில்தான் தெரியும்: ஓரத்துத் தேயாத பற்கள் கவ்விக்கொள்ள, திரும்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. லூஸான ஸ்டியரிங்கை விட அது ஆபத்து.

பாய் அரைக்கால் சுற்று முடுக்கினார். ஓரம் வரை திருப்பிப் பார்த்தார். முகம் சுளித்து, முடுக்கியதில் பாதியைத் திரும்ப விட்டார். "இதுக்கு மேல கேட்கக் கூடாது" என்றார். ஸ்டியரிங்கையா, என்னையா சொன்னார் என்று தெரியவில்லை. பூட்டுக்குப் பேர்போன ஊர் அது. சாவி திரும்பக் கொஞ்சம் இடம் விடவேண்டும் என்பது அங்கே பட்டறைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மற்றது சீக்கிரம் முடிந்தது. இரண்டு எண்டும் புதிது, கப்ளிங் போல்ட் இறுக்கம், வலது பேரிங் மாற்றம். நட்டின் பள்ளமும் தண்டின் ஓட்டையும் நேர்படாதபோது உதவியாளர் நட்டைச் சற்றுத் தளர்த்தி ஸ்பிளிட் பின்னை நுழைக்கப் பார்த்தார். பாய் கையைத் தட்டிவிட்டு, முன்னோக்கி முடுக்கித்தான் நேர்படுத்தினார். பின்னும் புதிதுதான், பழையதை நிமிர்த்தி மறுபடி போட விடவில்லை.

மூன்றாவது அலைன்மென்டுக்கும் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். முதல் திருப்பத்தில் என் கை, பழக்கத்தில், இரண்டு விரல் அகலம் கூடுதலாகத் திருப்பியது. வண்டி சொன்னதை அப்படியே கேட்டு இடது ஓரத்துக்குப் பாய்ந்தது. முருங்கைக்காய்க் கட்டோடு டிவிஎஸ் எக்ஸெல்லில் போய்க்கொண்டிருந்தவர் காலை ஊன்றி நின்று, "ஸ்டியரிங்கப் பிடிக்கத் தெரியாதவனெல்லாம் எதுக்குய்யா வண்டி எடுக்குறீங்க?" என்றார்.