சித்திரக்காரரின் பங்கு

1873-ல் ருஷ்ய ஓவியர் கிராம்ஸ்காய் டால்ஸ்டாயை உட்கார வைத்துப் படம் எழுதினார். டால்ஸ்டாய் அப்போது 'அன்னா கரீனினா' எழுதிக்கொண்டிருந்தார். அந்த நாவலில் வரும் ஓவியன் மிகைலோவிடம் கிராம்ஸ்காயின் சாயல் உண்டென்று விமரிசகர்கள் சொல்லுவார்கள். ஒருவரை ஒருவர் எழுதிக்கொண்டார்கள்.

நம்மிடம் இந்த உறவு வேறு விதமாக அமைந்தது. 1950-ல் 'கல்கி' பத்திரிகையில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது, மணியம் தீட்டியது ஆசிரியர் முகத்தை அல்ல, வந்தியத்தேவனையும் நந்தினியையும். எங்கள் அரியமங்கலத்தில் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, படத்தோடு பைண்டு செய்து வைத்திருந்த வீடுகளை நான் அறிவேன்.

படம் வாசகனின் கற்பனைக்கு விலங்கு என்று சில நண்பர்கள் வாதாடுவார்கள். மட்டமான படத்துக்கு அது பொருந்தும். நல்ல படமோ, வர்ணனை விட்ட இடத்திலிருந்து கற்பனையைக் கைபிடித்து அழைத்துப் போகிறது.

கல்கி 1954-லும் மணியம் 1968-லும் மறைந்தார்கள். பின்னால் வந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் படங்கள் இல்லை. அவற்றைப் படிக்கும்போதும் என் கண்முன் நிற்பது மணியத்தின் நந்தினிதான். கதையில் பாதியை எழுதியவரைப் புத்தகத்திலிருந்து வெளியேற்றுவது என்ன நியாயம்?