கால் கிலோ எங்கே போச்சு?

ஒரு கணக்குப் புதிர். ஒரு கிலோ கச்சாப் பட்டு நூலை, சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அவித்து, அலசிக் காயப்போட்டு, மறுபடி தராசில் வையுங்கள். முக்கால் கிலோ சொச்சம்தான் நிற்கும். மீதி எங்கே?

பி.காம். படித்த எனக்கு இதைக் கேட்டதுமே கை பரபரத்தது. ஸ்டாக்கில் கால்வாசி குறைந்தால் ஆடிட்டர் சும்மா விடுவாரா? ஆனால் ஆரணியில் பட்டோடு பழகும் யாரையும் கேளுங்கள், அலட்டிக்கொள்ள மாட்டார்கள். ‘பசை போச்சு, அவ்வளவுதான்’ என்பார்கள். புழு கூடு கட்டும்போது இழையோடு இழை ஒட்டச் சுரக்கிற பசை அது. செரிசின் என்று பெயர், ஒரு வகைப் புரதம். கச்சாப் பட்டின் எடையில் 20 முதல் 30 சதவீதம் வரை இதுதான். இது போனால்தான் பட்டு பளபளக்கும், சாயமும் சமமாக ஏறும்.

சரி, பசை தண்ணீரோடு போச்சு. தண்ணீர் எங்கே போச்சு? இங்கேதான் பதில்கள் மங்கலாகின்றன. புரதமும் சோப்பும் கலந்த தண்ணீர், அதன்பின் சாயத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர், இரண்டும் ஏதோ ஒரு வழியாகத் தாழ்வான இடத்தைத் தேடிப் போகும். ஆரணியின் தாழ்வான இடம் கமண்டல நாகநதி. அது செய்யாற்றில் சேரும், செய்யாறு பாலாற்றில் சேரும். வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு என்பதால், அதில் விழுகிற எதுவும் அடித்துக்கொண்டு போகாது. உள்ளே இறங்கும். பக்கத்துக் கிணற்றுக்கும் போருக்கும் அதுதான் ஊற்று.

இந்தக் கேள்வியைக் கேட்க டெல்லியிலிருந்து நிபுணர் வர வேண்டியதில்லை. ஆரணியிலேயே கலைக் கல்லூரி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டமே இருக்கிறது.

1991 நவம்பரில், எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில், சுற்றுச்சூழலைப் பாடமாக வைக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதை அமல்படுத்த வைக்க 2003 டிசம்பரில் இன்னொரு தடவை அதட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் பி.ஏ.வோ பி.காமோ, எல்லா டிகிரிக்காரர்களுக்கும் யு.ஜி.சி.யின் ஆறு மாதப் பாடத்திட்டம் கட்டாயமாக வந்தது. என் காலத்தில் இது கிடையாது, தப்பித்தேன் என்று நினைத்திருந்தேன். பின்னால் அந்தப் பாடத்திட்டத்தை வாங்கிப் படித்தபோது உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. நூறு மார்க்கில் 25 மார்க் களப்பணிக்கு! உள்ளூர் ஆற்றையோ குன்றையோ போய்ப் பார், உள்ளூரில் மாசுபட்ட ஓர் இடத்தைப் போய்ப் பார், செடிகளையும் பூச்சிகளையும் பறவைகளையும் கவனி என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அரசாங்கக் காகிதத்தில் ‘உள்ளூர்’ என்ற சொல் இவ்வளவு மரியாதையோடு வருவது அபூர்வம்.

நடைமுறையில் அந்த 25 மார்க் என்ன ஆனது என்பதை, டிகிரி படித்த உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். சீனியரின் ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ் கடை, அமேசான் காட்டின் வண்ணப்படம். தெருமுனைச் சாக்கடையைத் தாண்டித்தான் கல்லூரிக்குப் போயிருப்பார். நோட்டில் எழுதியதோ ஓசோன் ஓட்டை.

எல்லோரும் அப்படி இல்லை. நிஜமாகவே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்து, தண்ணீர் எடுத்து, லேபில் உட்கார்ந்து டெஸ்ட் செய்யும் ஆசிரியர்களும் மாணவர்களும் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். என் குறை அவர்கள் உழைப்பின் மேல் இல்லை. அந்த உழைப்பு போய்ச் சேரும் இடத்தின் மேல்தான்.

அவர்கள் எழுதும் கட்டுரைகளில் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். முதல் பாராவில் ‘நீரின்றி உயிரில்லை’ என்று தொடங்குவார்கள். ஊர் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று சொல்வார்கள். பிறகு அட்டவணை. அதில்தான் விஷயமே இருக்கிறது. ஆனால் தண்ணீர் எடுத்த இடத்தின் பெயர் என்ன தெரியுமா? எஸ்-1, எஸ்-2, எஸ்-3! அது எந்தத் தெரு, யார் வீட்டு போர்வெல், பள்ளிக்கூடத்துக் குழாயா, கோயில் கிணறா? தெரியாது. கடைசியில் ‘சில மாதிரிகள் வரம்புக்குள் உள்ளன, சில வரம்பைத் தாண்டியுள்ளன’ என்று ஒரு வரி. முடிந்தது. கட்டுரை ஆங்கிலத்தில் அச்சாகி, ஆசிரியரின் ஃபைலுக்குப் போய்விடும்.

இதில் விளையாட்டு இல்லைங்க. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் நைட்ரேட்டை லிட்டருக்கு 45 மில்லிகிராமோடு நிறுத்தச் சொல்கிறது. அதற்கு மேல் போன தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கக் கூடாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கிற வேலை கெட்டு, குழந்தை நீலம் பாரித்துவிடும். காய்ச்சிக் குடித்தாலும் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். எஸ்-3 வீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தால்? பத்தொன்பது வயது மாணவிக்கு அந்த எண் தெரியும். அந்த வீட்டுக்குத் தெரியாது.

ஏன் இப்படி? ஒரு காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2010-ல் யு.ஜி.சி. கொண்டுவந்த விதிகளில் பதவி உயர்வுக்குப் பாயின்ட் கணக்கு வந்தது. பேப்பருக்குப் பாயின்ட் உண்டு, தெருவில் நோட்டீஸ் ஒட்டினால் பாயின்ட் இல்லை. விளைவு, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் ஜர்னல்கள் காளான் மாதிரி முளைத்தன. 2018 மே மாதத்தில் யு.ஜி.சி. தன் பட்டியலிலிருந்து ஒரே மூச்சில் 4,305 ஜர்னல்களை நீக்க வேண்டி வந்தது.

இன்னொரு காரணம் பயம். இதை யாரும் வெளியே சொல்வதில்லை. ஆரணி மாதிரி ஊரில் சாயப்பட்டறைக்காரர் வேற்றுக் கிரகவாசி இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனின் அப்பா. ஆசிரியரின் வீட்டுக்காரராகக்கூட இருக்கலாம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரே உத்தரவில் திருப்பூரின் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகு ‘தண்ணீர் டெஸ்ட்’ என்றாலே கலக்கம் வருவது இயல்பு. எஸ்-1, எஸ்-2 என்பதில் சோம்பேறித்தனம் பாதி, கருணை பாதி என்றே நான் படிக்கிறேன்.

ஆனால் அந்தக் கருணை கணக்குத் தெரியாத கருணை. திருப்பூரில் நடப்பது பருத்திச் சாயம். சாயத்தைப் பருத்தியில் ஏற்ற லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு போடுவார்கள். நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததில் பெரும்பங்கு அந்த உப்புக்குத்தான். பட்டுக்குப் போடுவது பெரும்பாலும் அமிலச் சாயங்கள், அவ்வளவு உப்பு தேவைப்படாது. ஆனால் பட்டுச் சாயங்களில் சிலவற்றில் குரோமியம் போன்ற உலோகம் உண்டு, அவித்த நீரில் புரதச் சுமையும் அதிகம். அதாவது நோய் வேறு, மருந்தும் வேறு. ஆரணிக்கென்று நேர்மையான எண்கள் இல்லாவிட்டால், நாளைக்கு யாராவது வழக்குப் போடும்போது திருப்பூர் கணக்கை வைத்தே ஆரணி சாயக்காரருக்கும் தீர்ப்பு எழுதுவார்கள். மௌனம் அவரைக் காப்பாற்றாது.

தெருப் பெயரோடு எழுதிய எண் என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 1996-ல் பாலாற்றுத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் நடத்துகிற தீர்ப்பு. அதற்குள் ஒரு சின்ன வரி வருகிறது. ஒரு தன்னார்வ அமைப்பு திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களுக்குப் போய்க் கிணறுகளை எண்ணியிருக்கிறது. 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. இவ்வளவுதான். இதில் ‘வாட்டர் குவாலிட்டி இண்டெக்ஸ்’ எதுவும் இல்லை. போய்ப் பார்த்தார்கள், எண்ணினார்கள், எழுதினார்கள். நாட்டின் மிகப்பெரிய கோர்ட் அதைத் தீர்ப்பில் ஏற்றியது.

அமெரிக்காவில் ஃபிளின்ட் நகரத்துக் கதையும் இதே ஜாதிதான். 2014-ல் குடிநீருக்கு ஆற்றை மாற்றினார்கள், குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வந்தது. அதிகாரிகள் ‘நல்ல தண்ணீர்தான்’ என்றே சாதித்தார்கள். 2015-ல் வர்ஜினியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸும் அவருடைய மாணவர்களும் 300 சாம்பிள் பெட்டிகளை அந்த ஊர்க்காரர்களுக்கே அனுப்பினார்கள். வீட்டுக்காரர்களே தண்ணீர் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். முடிவுகளை ஜர்னலுக்குக் காத்திருக்காமல் பகிரங்கமாக வெளியிட்டார்கள். அக்டோபரில் நகரம் பழைய குடிநீருக்கே திரும்பியது.

நம் கல்லூரிகளுக்கு நான் கேட்பது இதில் பாதிகூட இல்லை. பேப்பர் போடுங்கள், பாயின்ட் வாங்குங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? அதே எண்களைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, தண்ணீர் கொடுத்த வீட்டில் ஒரு பிரதி, நகராட்சியில் ஒரு பிரதி, சாயக்காரர்கள் சங்கத்தில் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள். ‘இந்தக் கிணறு குடிக்க ஆகும், இது துவைக்க மட்டும்.’ இவ்வளவு போதும். வருஷா வருஷம் அதே கிணறுகள், அதே மாதம். பத்து வருஷம் சேர்ந்தால் எந்த ஆராய்ச்சி நிலையத்திடமும் இல்லாத கணக்கு அந்தக் கல்லூரியின் அலமாரியில் இருக்கும்.

அப்புறம் அந்தக் கால் கிலோ. செரிசினை அழகு சாதனக் கம்பெனிகள் காசு கொடுத்து வாங்குகின்றன, கிரீமிலும் ஷாம்பூவிலும் சேர்க்க. அவித்த நீரிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வழிமுறைகள் இருக்கின்றன. ஆரணி அளவில் கட்டுபடியாகுமா என்பதுதான் கேள்வி. எத்தனை லிட்டர் நீர், எவ்வளவு பசை தேறும், வடிகட்ட என்ன செலவு, வாங்குபவர் யார்? இதற்கு கெமிஸ்ட்ரி மாணவனும் பி.காம். மாணவனும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். கல்லூரியில் எல்லாத் துறைக்காரர்களுக்கும் பொதுவான பாடம் சுற்றுச்சூழல். 2023-ல் யு.ஜி.சி. வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில் அதற்கு நான்கு கிரெடிட்டும் இருக்கிறது.