கல்லறையில் ஓர் எழுத்து

ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது என்று நம் மூத்தோர் ஒரு குணத்தைப் பழித்தனர். அந்தக் குணத்தையே பொழுதுபோக்காகவும் ஒருவகைத் திறனாய்வாகவும் வளர்த்துக்கொண்ட நோக்கர் கூட்டம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. 'ஸ்டார் டிரெக்' என்னும் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அதிலுள்ள சின்னஞ்சிறு முரண்களைக் கண்டு குறித்துவைப்பவர்கள் அவர்கள். 1994இல் ஃபில் ஃபாரண்ட் என்பவர் இத்தகையோருக்காக ஒரு கையேடே வெளியிட்டார். அதன் ஆங்கிலத் தலைப்பிலும் 'ஈர் பொறுக்குவோர்' என்னும் பொருள்தரும் சொல்லே இடம்பெற்றிருப்பது நமக்கு வியப்பூட்டும். கதையோட்டத்தில் விடுபட்டவை, கருவிகளில் காணும் விந்தைகள், தொடர்ச்சியிலும் தயாரிப்பிலும் நேர்ந்த பிசகுகள் என்று தலைப்பிட்டு, ஒவ்வோர் அத்தியாயத்தையும் அந்நூல் சல்லடையிட்டுச் சலிக்கிறது. இது வீண்வேலையா? அன்றி நல்ல வாசிப்பின் ஒரு வகையா? கதை கேட்பதையும் நூல் கற்பதையும் பெரிதென மதிக்கும் எவரும் இக்கேள்வியைப் புறந்தள்ள இயலாது.

ஜீன் ராடன்பெரி படைத்த இத்தொடர் 1966 செப்டம்பர் 8ஆம் நாள் முதல் 1969 ஜூன் 3ஆம் நாள் வரை 79 அத்தியாயங்களாக என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. 'என்டர்பிரைஸ்' என்னும் விண்கலம், அதன் தலைவர் கேப்டன் கிர்க், வல்கன் என்னும் கோளினத்தைச் சேர்ந்த தந்தைக்கும் மானிடத் தாய்க்கும் பிறந்த ஸ்பாக், மருத்துவர் மெக்காய் ஆகியோரைச் சுற்றிக் கதை நகர்கிறது. ஓர் அத்தியாயத்தைப் படமாக்க ஏறத்தாழ 6 நாள்களே கிடைத்தன. வீட்டில் காட்சிகளைப் பதிந்துவைக்கும் கருவி மக்களிடம் இல்லாத காலம் அது. 525 வரிகளாலான மங்கிய சிறு திரையில் ஒருமுறை தோன்றி மறையும் காட்சியில் எவர் பிசகு காணப்போகிறார் என்று ஆக்கியோர் எண்ணியிருந்தால் அதில் தவறில்லை. ஆனால் தொடர் முடிந்த பின்னரே அதன் வாழ்வு தொடங்கிற்று. உள்ளூர் நிலையங்கள் அதை மாலைதோறும் மறுஒளிபரப்புச் செய்தன. ஒரு பார்வைக்கென நெய்யப்பட்ட துணியை மக்கள் நூறு முறை விரித்துப் பார்த்தனர். அப்போது இழைகள் தென்பட்டன.

இத்தகைய நோக்கிற்கு ஒரு முன்னோடி உண்டு. அவர் நம் வாசகர்க்கு முற்றிலும் அயலார் அல்லர். 1911இல் ஆக்ஸ்போர்டில் ரொனால்டு நாக்ஸ் என்னும் இளைஞர் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அக்காலத்து விவிலியத் திறனாய்வாளர் சிலர் திருநூலைத் துண்டுதுண்டாய்ப் பிரித்து, இது இன்னார் எழுதியது, இது இடைச்செருகல் என்று தீர்ப்பிட்ட முறையை, துப்பறியும் கதைகளின்மேல் ஏற்றிக் காட்டிய அங்கதம் அது. ஆங்கிலிக்கன் திருச்சபையினராய் இருந்த நாக்ஸ் 1917இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்து, பின்னர்க் குருவானார். பின்னாளில் விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவர் நகைக்கத் தொடங்கிய விளையாட்டை அவருக்குப் பின்வந்தோர் மெய்யான ஆர்வத்துடன் ஆடினர். வாட்சனின் போர்க்காயம் ஒரு கதையில் தோளிலும் மற்றொரு கதையில் காலிலும் இருப்பது ஏன் என்று பக்கம் பக்கமாக வாதிட்டனர். ஒரு கதையுலகின் ஒப்புக்கொள்ளப்பட்ட நூல்தொகுதிக்குத் 'திருமுறை' என்று பெயரிடும் வழக்கமும் அவர்களிடமிருந்தே 'ஸ்டார் டிரெக்' நோக்கரிடம் வந்தது.

இனி முரண்களுக்கு வருவோம். அவற்றுள் புகழ்பெற்றது ஒரு கல்லறைக் கல்லில் இருக்கிறது. தொடரின் இரண்டாம் மாதிரிப் படம் 1965இல் எடுக்கப்பட்டது. அதில் கேரி மிட்செல் என்னும் அதிகாரி, அண்டத்தின் விளிம்பைத் தொட்டதால் அளவிறந்த ஆற்றல் பெற்று, தன்னைக் கடவுளாகவே கருதத் தலைப்படுகிறான். தன் நெடுநாள் நண்பனான கிர்க்கைக் கொல்லத் துணிந்து, அவனுக்கென ஒரு கல்லறையைத் தன் ஆற்றலால் உண்டாக்குகிறான். அக்கல்லில் 'ஜேம்ஸ் ஆர். கிர்க்' என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. பின்வந்த அத்தியாயங்களில் கேப்டனின் பெயர் 'ஜேம்ஸ் டி. கிர்க்' ஆயிற்று. அந்த 'டி' என்பது டைபீரியஸ் என்னும் செய்தி 1974இல்தான், சித்திரப்பட வடிவில் வந்த தொடரில் வெளிப்பட்டது. சித்திரப்படத் தொடர் திருமுறையில் சேருமா சேராதா என்று நெடுங்காலம் வழக்காடியவர்களும் இப்பெயரை மட்டும் மறுக்கவில்லை!

இதே மாதிரிப் படத்தில் மருத்துவராய் வருபவர் மெக்காய் அல்லர். பைப்பர் என்னும் வேறொருவர். ஆனால் இப்படம் ஒளிபரப்பில் மூன்றாவதாக வந்தது. முதல் இரு வாரங்களில் மெக்காயைக் கண்ட மக்கள், மூன்றாம் வாரத்தில் காரணம் ஏதுமின்றி முன்பின் அறியாத மருத்துவரைக் கண்டனர். எடுத்த வரிசை ஒன்று, காட்டிய வரிசை வேறொன்று என்று அறிந்ததும் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. முரண் என்பது முதலாவதாக ஒரு சான்று என்பதை இங்கே கற்கிறோம். படைப்பு எப்படி, எந்த முறையில், எத்தகைய நெருக்கடியில் உருவானது என்பதற்கு அது சாட்சி சொல்கிறது.

முதலில் ஒளிபரப்பான அத்தியாயத்தில் மற்றுமொரு சான்று உண்டு. உப்பைத் தேடிக் கொல்லும் விலங்கொன்றின் கதைக்காக, வருங்காலத் தோற்றமுள்ள உப்புக் குப்பிகள் தேவைப்பட்டன. விந்தையான வடிவங்களில் சிலவற்றை வாங்கிவந்தனர். அவற்றைக் கண்டால் உப்புக் குப்பியென்று எவருக்கும் விளங்காது என்பதால் கதைக்குப் பழைய குப்பியே போதுமென்று விட்டுவிட்டனர். வாங்கிய குப்பிகளோ மெக்காயின் அறுவைக் கருவிகளாயின. அடுக்களைப் பொருளொன்று வருங்கால மருத்துவமாய் மிளிர்ந்தது. இதை அறிந்தபின் அக்காட்சி நம் கண்ணில் தாழ்ந்துவிடுகிறதா? காசின்மையைக் கற்பனையாய் மாற்றிய பொருள்காப்பாளரின் கைத்திறனை எண்ணி உவக்கவே தோன்றுகிறது.

1967 ஏப்ரல் 6ஆம் நாள் ஒளிபரப்பான அத்தியாயம் ஒன்று, 1930ஆம் ஆண்டின் நியூயார்க்கில் நிகழ்வது. ஈடித் என்னும் அறப்பணிப் பெண்ணைக் கிர்க் விரும்புகிறான். ஆனால் அவள் சாகாவிடில் வரலாறே தடம் மாறிவிடும். இருவரும் மாலையில் தெருவில் நடக்கும்போது பின்னால் ஒரு முடிதிருத்தும் கடையின் பெயர்ப்பலகை தெரிகிறது: ஃபிளாய்ட். அக்கடை நியூயார்க்கினது அன்று. 'ஆண்டி கிரிஃபித் ஷோ' என்னும் நகைச்சுவைத் தொடரில் வரும் சிற்றூர்க்காரரது. ஒரே திறந்தவெளித் தளத்தில் இரு தொடர்களையும் எடுத்ததன் விளைவு அது. பலகையைக் கண்டுபிடித்தவர் மகிழ்வுடன் குறித்துக்கொள்கிறார். ஆயினும் இறுதியில், காப்பாற்றக்கூடிய கைகளைக் கட்டிக்கொண்டு கிர்க் நிற்கும்போது, பலகையைக் கண்டவரும் காணாதவரும் ஒருங்கே கலங்குகின்றனர். உண்மையான படைப்பை ஒரு பெயர்ப்பலகை வீழ்த்துவதில்லை.

சில முரண்கள் கதையின் தூண்களாகவே நிற்பதும் உண்டு. 1966 அக்டோபரில் வந்த 'பகைவன் உள்ளே' என்னும் பொருள்படும் அத்தியாயத்தில், ஆளை ஒளிக்கற்றையாக்கி அனுப்பும் கருவி பழுதடைந்து, கிர்க்கை இருவராகப் பிளந்துவிடுகிறது. ஒருவன் முரடன், மற்றவன் நல்லவன், ஆனால் முடிவெடுக்கும் வலிமையற்றவன். கருவி பழுதானதால் கீழே உறைபனியில் சிக்கிய தோழர்களை மீட்க வழியில்லை. சிற்றூர்தி ஒன்றை அனுப்பினால் என்ன என்று எந்தச் சிறுவனும் கேட்பான். அந்த ஊர்தி அன்று கட்டப்படவே இல்லை என்பதே விடை. அது முதன்முதலாகத் திரையில் தோன்றியது 1966 நவம்பரில். ஆனால் ஊர்தி இருந்திருந்தால் இக்கதை உண்டா? தன்னுள் இருக்கும் முரடனை வெறுத்தொதுக்காமல் ஏற்றுக்கொண்டால்தான் தலைமை தாங்க முடியும் என்று நல்லவன் உணர்வதற்கு, அந்த உறைபனியின் அவசரம் வேண்டியிருந்தது. இங்கே குறையை மட்டும் குறித்துவிட்டு நகரும் கையேடு, கதையின் நெஞ்சைத் தொடாமலே போய்விடுகிறது. ஈர் பொறுக்கும் திறனாய்வின் மெய்யான வறுமை இதுவே. எல்லாப் பிசகுகளையும் அது ஒரே தராசில் நிறுக்கிறது.

மறுபுறம், பிசகு காணும் இடமெல்லாம் சாந்து பூசி மறைப்பாரும் உளர். இவர்களுடைய முயற்சியை எடைபோட நமக்கோர் அளவுகோல் வேண்டும். கிளிங்கான் என்னும் பகையினத்தார் 1967இல் வழுவழுப்பான நெற்றியுடன் தோன்றினர். 1979ஆம் ஆண்டுத் திரைப்படத்திலோ அவர்கள் நெற்றியில் எலும்பு வரப்புகள் எழும்பியிருந்தன. ஒப்பனைக்குப் பணம் வந்துவிட்டது என்பதே காரணம். 1996இல் பிற்காலத் தொடர் ஒன்றின் மாந்தர் காலத்தில் பின்னோக்கிச் சென்று 1967ஆம் ஆண்டின் அத்தியாயத்துக்குள்ளேயே நுழைகின்றனர். வரப்பு நெற்றியுள்ள வோர்ஃபிடம், உம் இனத்தார் இப்படியா இருந்தனர் என்று தோழர்கள் திகைத்து வினவ, இதை வெளியாரிடம் நாங்கள் பேசுவதில்லை என்ற பொருளில் அவன் வாயடைத்துவிடுகிறான். சிரிப்பு எழுகிறது, ஓரினத்தின் தன்மானமும் தெரிகிறது. 2005இல் வந்த மற்றொரு தொடரோ இரண்டு அத்தியாயங்களைச் செலவிட்டு, மரபணு ஆய்வில் விளைந்த நோய்க்கிருமியே வரப்புகளை அழித்தது என்று விளக்கிற்று. கணக்கு நேராயிற்று. ஆனால் கிளிங்கானியரைப் பற்றி அந்தக் கிருமி சொன்னதைவிட வோர்ஃபின் ஒருவரி மௌனம் மிகுதியாகச் சொல்லிவிட்டதே!

அளவுகோல் இங்கே கிடைக்கிறது. ஒரு விளக்கம் கதையின் பொருளை ஆழப்படுத்துகிறதா, அன்றிப் பதிவேட்டை மட்டும் திருத்துகிறதா? முதலாவது திறனாய்வு, இரண்டாவது கணக்குப்பிள்ளை வேலை. மிட்செலின் கல்லறைக் கல்லை இந்த அளவுகோலால் மீண்டும் நோக்குவோம். தன்னைக் கடவுளென எண்ணியவனுக்குத் தன் நண்பனின் பெயரில் ஓர் எழுத்துக் கூடத் தெரியவில்லை! ஆக்கியோர் இதைக் கருதவில்லை என்பது உறுதி. ஆயினும் அந்தப் பிழையான எழுத்து, ஆற்றல் மிகும்போது அன்பு குன்றுகிறது, அன்பு குன்றும்போது அறிவும் குன்றுகிறது என்னும் அக்கதையின் உட்பொருளை உரக்கச் சொல்கிறது. திருத்தியிருந்தால் அதை இழந்திருப்போம்.

திருமுறை என்ற சொல்லை இந்நோக்கர் எங்கிருந்து பெற்றனரோ அவ்விடத்திலேயே இதற்கோர் ஒப்புமை உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் இழைத்து, ஒன்றோடொன்று முரணாத ஒரே நூலாக்கினார். சிரிய நாட்டுத் திருச்சபைகள் அதை நெடுங்காலம் விரும்பி வாசித்தன. எனினும் இறுதியில் நிலைத்தவை நான்குமே, தத்தம் வேறுபாடுகளுடன். நால்வர் குரலும் வேண்டும் என்று முன்னோர் தேர்ந்தனர். பொழுதுபோக்குத் தொடரைத் திருநூலோடு ஒப்பிடுவது என் கருத்தன்று. வேறுபாட்டைக் கண்டு அஞ்சாத வாசிப்பு எந்நூலுக்கும் நன்மையே செய்யும் என்பதே என் கருத்து.

ஆகவே ஈர் பொறுக்குவோரை முற்றிலும் பழிக்க வேண்டா. ஆயிரம் பேர் காணாத பெயர்ப்பலகையைக் கண்டவர், அந்தத் தெருவை ஆயிரம் பேரினும் கூர்ந்து பார்த்தவர். அத்தகைய கூர்மை விருப்பமின்றி வருவதில்லை. கண்டதைக் கொண்டு அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் வாசகனும் தணிக்கையாளனும் பிரிகின்றனர். பட்டியலிட்டு நின்றுவிடுபவர் பாதி வழியில் நின்றுவிடுகிறார். இந்த எழுத்து இங்கே ஏன் பிசகிற்று, பிசகியதால் கதைக்கு நேர்ந்தது என்ன என்று மேலும் இரண்டு கேள்விகளைக் கேட்பவர், ஆறே நாள்களில் அட்டையும் பலகையும் உப்புக் குப்பியும் கொண்டு ஒரு வானுலகைக் கட்டியெழுப்பிய கைகளைக் கண்டுகொள்கிறார்.