ஆதரவற்றவளுக்கு மூவாயிரம்

வெள்ளகோவிலில் விடிந்ததும் கம்பெனி வண்டிகள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், தறிக்குடோனுக்கு நடக்கிறவர்கள் ஒரு பக்கம். இரண்டிலும் சேராத ஓர் அக்கா எங்கள் தெருவில் இருக்கிறார். கணவர் இறந்தபின் சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளராகச் சேர்ந்தவர். "எனக்கு கவருமென்டு வேலை அம்மிணி" என்பார். அந்தப் பெருமையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வேலைக்கான விதியை ஒரு பிரதியாக எடுத்து வாசிக்க வேண்டியிருக்கிறது.

2025இல் வந்த நியமன அறிவிப்பு இப்படிச் சொல்கிறது: முதல் 12 மாதங்களுக்குத் தொகுப்பூதியம், மாதம் 3,000 ரூபாய். ஓராண்டைத் தள்ளிவிட்டால் 'சிறப்புக் காலமுறை ஊதியம்', 3,000–9,000. அதாவது ஓராண்டு கழித்தும் அடிப்படைச் சம்பளம் அதே மூவாயிரத்தில்தான் தொடங்குகிறது; படிகள் கொஞ்சம் சேரும். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 336 ரூபாய். ஒன்பது நாள் மண் சுமந்தால் 3,024.

'சிறப்பு' என்ற சொல் இங்கே என்ன வேலை செய்கிறது? அரசின் வழக்கமான ஊதிய அட்டவணையில் அடிமட்ட நிலை 15,700–58,100. சமையல் உதவியாளரின் உச்சம் 9,000. அங்கன்வாடி உதவியாளருக்கு 4,100–12,500. இவர்கள் ஏறி முடிக்கிற இடம், அங்கே ஒருவர் நுழைகிற இடத்தைக்கூடத் தொடவில்லை. அங்கன்வாடிப் பணியாளருக்கு 7,700–24,200. பிளஸ் டூ படித்திருக்க வேண்டும், பல ஊர்களில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் அவர் தலையில்தான். சிறப்பு என்றால் நம் ஊரில் கூடுதல் என்று பொருள். அரசாணைத் தமிழில் அது 'வரிசையில் சேராதவள்' என்று பொருள்படுகிறது.

இதைவிட என்னை உறுத்துவது அறிவிப்பின் இன்னொரு பகுதி. கைம்பெண்களுக்கும் கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கும் 25 விழுக்காடு ஒதுக்கீடு. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டம் இது. அப்போதிருந்தே இத்தகைய பெண்களுக்கு முன்னுரிமை உண்டு. நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வரிகளையும் அடுத்தடுத்துப் படியுங்கள். வேறு யாரும் சம்பாதித்துப் போட இல்லாதவள் என்பதால் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு, வேறு யாரோ சம்பாதித்துப் போடுவதுபோலச் சம்பளம் நிர்ணயிக்கிறார்கள். ஒரே தாளில், ஒரே கையெழுத்தின் கீழ். கேட்டால் பகுதிநேர வேலை என்பார்கள். காய் நறுக்கி, முட்டை உரித்து, அண்டா தேய்த்து, கூடத்தைக் கழுவிவிட்டபின் மிச்சமிருக்கும் பகலில் எந்த முதலாளி வேலை தருவார்?

நீதிமன்றங்களும் இந்தச் சொற்களோடுதான் மல்லுக்கட்டின. 2006இல் அமீர்பீ வழக்கில், அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்றது உச்ச நீதிமன்றம். பணி விதிகளின்படி நியமிக்கப்படவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். விதி எழுத வேண்டிய அரசு எழுதாமல் விட்டதற்கு, வேலை செய்தவள் தண்டம் கட்டினாள். 2022 ஏப்ரலில் மணிபென் வழக்கில்தான் திருப்பம். 'மதிப்பூதியம்' என்று பெயர் சூட்டினாலும் அது கூலியே, 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்றது அதே நீதிமன்றம். மதிப்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஊதியத்தை மறுக்கும் வித்தை 1975இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலத்திலிருந்து நடக்கிறது. அதை ஒரு தீர்ப்பு வெளிப்படையாகச் சொல்ல 47 ஆண்டுகள் ஆயின.

இதில் நம் பங்கும் உண்டு. அரசுப் பள்ளி ஆசிரியைகள் சமையலறைக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து, பெரும்பாலும் தங்கள் ஊதியக்குழுவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான். ஆனால் சத்துணவு ஊழியர்களின் மறியலை 'அவங்க போராட்டம்' என்று சொல்லிக் கடந்துபோகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைக் கொண்டாடி எழுதிய நம்மில் எத்தனை பேர், அந்தச் சமையலை மகளிர் சுயஉதவிக் குழுவினர் செய்கிறார்கள், அவர்களுக்கு அந்தச் 'சிறப்பு' ஊதியம்கூட இல்லை என்பதைக் கவனித்தோம்?

அக்காவிடம் ஒருமுறை கேட்டேன், கம்பெனிக்குப் போனால் சனிக்கிழமை கையில் காசு வருமே என்று. "வண்டியில போனா ராத்திரி எட்டு மணி ஆயிரும். புள்ளைய யாரு பாக்கறது?" என்றார். பிறகு, "இது நிரந்தரம் அம்மிணி. என்னிக்காவது ஏத்துவாங்க" என்றார். நாளிதழில் அகவிலைப்படி உயர்வுச் செய்தி வரும்போதெல்லாம் அது தனக்கும் உண்டா என்று என்னிடம் வாசித்துச் சொல்லச் சொல்வார்.